எட்டு டிராக்டர் குப்பை

தடதடவென்ற சத்தத்தோடு டிப்பர் லாரி ஒரு லோடு ஜல்லியைக் கொட்டியது. சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்த கடை இடங்களில் முதல் ஆறும் அதன் அடியில் போய்விட்டன.

கீரைக்காரி தலைக்கூடையோடு அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால் நாற்பது விவசாயிகள், தக்காளியும் வெண்டைக்காயுமாக. இன்று உழவர் சந்தை திறக்கிறது என்று வீடு வீடாகப் போய் அழைத்தவள் அவள்தான்.

"யோவ், கண்ணை எங்கய்யா வச்சிருக்கே?"

"என்னை ஏம்மா திட்டறே? ஆபீசருங்க கார் நிறுத்தத் தளம் போடணும்னாங்க, கொட்டறேன்" என்றான் டிரைவர்.

அரசு அலுவலகத்தின் பின்பக்க இடம் அது. பத்து நாளைக்கு முன்பு வரை, கழிவறைக் குழாய் உடைந்து வருஷக்கணக்காகத் தேங்கிய சாக்கடை. அதில் ஊறிய பழைய கோப்புகள், எச்சில் பொட்டலங்கள், செத்த எலிகள். அங்கே குமாஸ்தாவாக இருக்கும் அவளுடைய கூடப்பிறந்த தம்பிதான், "நீங்க சுத்தம் பண்ணிடுங்கக்கா, சந்தைக்கு அனுமதி வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்றான். அவளும் விவசாயிகளும் பத்து நாள் வாரினார்கள். எட்டு டிராக்டர் குப்பை போனது. உப்பிக் கிடந்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கியபோது வால் மட்டும் கையோடு வந்தது. அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தாலே அவளுக்குக் குமட்டல். மூன்று சோப்புக் கரைந்தும் விரலிடுக்கில் அந்த நாற்றம் போகவில்லை.

"நல்லா வாங்கிக் கொடுத்தேம்மா சந்தை!" தக்காளிக்காரர் கூடையைப் பொத்தென்று இறக்கினார். "இனிமே உன் பேச்சைக் கேட்டு எவன் வருவான்?"

தம்பி வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பத்து நாளும் மூக்கைவிட்டு எடுக்காத கைக்குட்டை இன்று பாக்கெட்டில் மடிந்திருந்தது.

"என்னடா இது?"

"மேலிடத்து முடிவுக்கா. அடுத்த வருஷம் வேற இடம் பாப்போம்."

"அனுமதிக் கடிதத்தை எடு."

அவன் ஜல்லிக் குவியலைப் பார்த்தான். கடிதம் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வலது கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருடா."

அவன் முகத்தைச் சுளித்து இரண்டடி பின்வாங்கினான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினான்.

"நாலு தடவை டெண்டர் விட்டும் இதைச் சுத்தம் பண்ண ஒருத்தனும் வரலக்கா. ஆத்திர அவசரத்துக்கு உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லு?"