கலர் சொன்ன அபிப்பிராயங்கள்

பட்டறையில் அவரை எல்லோரும் ‘கலர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இடிபட்டு வரும் காரின் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கும்போது, பழைய பெயிண்ட்டோடு ஒட்டுத் தெரியாமல் சேரும்படி நிறம் கலப்பது அவர் வேலை. கம்பெனி கொடுத்த எண்ணைத் தட்டினால் மெஷினே கலந்து கொடுக்கும்தான். ஆனால் வருஷக்கணக்கில் வெயிலில் நின்று வெளுத்த வண்டிக்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? கலர் டப்பாவைக் கிளறி, ஒரு சின்ன அட்டையில் அடித்துக் காயவைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கதவோடு ஒட்டிப் பிடிப்பார். ஒரு கண்ணைச் சுருக்குவார். “நீலம் தூக்கலா இருக்கு” என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. முதலாளியே வாயைத் திறக்கமாட்டார்.

ஒரு விஷயத்தில் சொன்னதெல்லாம் சபையேறிக்கொண்டே இருந்தால் மனிதனுக்கு மற்ற விஷயங்களிலும் ஒரு தைரியம் வந்துவிடும். கலருக்கு வந்தது பாட்டு விஷயத்தில்.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு சங்கீதப் பைத்தியம். உலகத்தில் பேர்பெற்ற ஆல்பங்களை எல்லாம், இந்த வகை அந்த வகை என்று பார்க்காமல், வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று நண்பர்களைச் சேர்த்துப் போனில் ஒரு குழு ஆரம்பித்தார். ஒரு வாரம் ஜாஸ், மறுவாரம் ராக், அடுத்த வாரம் கஜல், அதற்கடுத்து எவனோ மூன்று தந்திக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு அழுவது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஒவ்வொருவரும் தன் அபிப்பிராயத்தைப் பேசிப் பதிந்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் ‘அருமை’, ‘மனதைத் தொட்டது’ என்று முடித்துக்கொள்வார்கள். கலர் மட்டும்தான் நின்று பேசுவார். அவர் குரல் எப்போது வரும் என்று குழுவே காத்துக்கிடக்கும்.

கலரின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு காலை அவளுக்கு டியூட்டி. வீட்டில் இருந்தாலும் பிரயோஜனமில்லை. “எனக்கு எல்லாப் பாட்டும் ஒண்ணுதாங்க. சத்தமா வச்சா தலைவலி, மெதுவா வச்சா தூக்கம்” என்பாள். ஆகவே கலரோடு சேர்ந்து கேட்டது அண்ணிதான். அண்ணன் தவறிப்போன பிறகும் அண்ணி அதே வீட்டின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வாரத் துணிகளை எல்லாம் இஸ்திரி போட ஞாயிறு காலை மாடிக்கு வருவார். மேசைமேல் கம்பளியை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டு, “இந்த வாரம் யாரு தம்பி?” என்று கேட்பார்.

பாட்டு ஓடும். அண்ணி தலை நிமிராமல் காலரைத் தேய்ப்பார். நடுவில் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார்.

சாக்ஸபோன் கேட்ட வாரம், “இந்தாளு சொல்ல வந்ததைச் சொல்லாமலே பக்கத்துல போய்ட்டுப் போய்ட்டுத் திரும்பிடறாரு. அதான் நமக்குத் தவிக்குது” என்றார்.

காதைக் கிழிக்கும் மெட்டல் ஆல்பம் வந்தபோது கலர் சத்தத்தைக் குறைக்கப் போனார். “இருக்கட்டும் தம்பி. இது கோபமில்ல, பயம். பயந்தவன்தான் இவ்வளவு கத்துவான். வீட்டுல ஆள் இருக்குன்னு காட்டிக்கறதுக்கு” என்றார் அண்ணி.

ஒரு கருவியும் கையால் வாசிக்காமல் முழுக்க எந்திரத்திலேயே செய்த ஆல்பம் ஒன்று. குழுவில் பாதிப் பேர் அதைத் திட்டித் தீர்த்தார்கள். அண்ணி சொன்னார்: “ஃபிரிட்ஜ் ஓடற சத்தம் மாதிரிதான் இருக்கு. ஆனா அது நின்னாதான தெரியும், இவ்வளவு நேரம் வீட்டுல நமக்குத் துணையா ஒண்ணு ஓடிட்டிருந்துச்சுன்னு.”

கலர் இவற்றை எல்லாம் வாங்கி, தன் பாணியில் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்து, போனில் பேசி அனுப்புவார். திருடுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரே வீட்டில் ஒருத்தர் குடையை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி. அண்ணியும் பக்கத்திலேயே நின்று கேட்டு, கடைவாயில் சிரித்துக்கொள்வார். “நான் சொன்னப்ப இவ்வளவு நல்லா இல்லையே தம்பி” என்பார். மருந்துக்கடைக்காரர் உடனே எழுதுவார்: “கலர் சாருக்குக் காது மனசுக்குள்ள இருக்கு.”

அப்படியே மாதங்கள் ஓடின. ஒரு வாரம் மருந்துக்கடைக்காரர் ஒரு பழைய ஆல்பத்தை அனுப்பினார். அவர்கள் இளவயதில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. ஒரு பெரிய பாடகி பாடிய தாலாட்டுகள். அந்த அம்மா இப்போது இல்லை.

“இந்த வாரம் யாரு தம்பி?”

கலர் சொன்னார். அண்ணி இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அண்ணி உட்கார்ந்து கேட்டது அன்றுதான். மாடியேறி வந்ததில் கால் வலி போல என்று கலர் நினைத்துக்கொண்டார்.

ஆல்பம் முழுக்க ஓடி முடிந்தது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலர் காத்துப் பார்த்தார். போனில் மற்றவர்களின் அபிப்பிராயங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. எல்லாம் ‘அமுதம்’, ‘கண்ணீர் வந்துவிட்டது’ ரகம். எல்லோரும் ஒரே பக்கம் சாயும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தால்தானே ஆள் தெரியும்? கலர் போனை வாயருகே வைத்துக்கொண்டார்.

“பாடகியம்மா பாட்டைப் பத்திக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனா மூணாவது பாட்டுல பின்னால ஒரு அம்மா சேர்ந்து பாடறாங்க பாருங்க, அவங்களை யாரு கூப்பிட்டாங்க? பந்தியில கூப்பிடாமலே வந்து உக்காந்தவங்க மாதிரி ஒரு பதுங்கல். சுருதியில ஒரு நூல் கீழேயே நிக்கறாங்க. எட்டிப் பிடிக்கவும் மாட்டேங்கறாங்க, எழுந்து போகவும் மாட்டேங்கறாங்க. குழந்தை அந்தப் பாடகியம்மா பாட்டுக்குத் தூங்கியிருக்கும். இந்த அம்மா பாட்டுக்கு முழிச்சிருக்கும்.”

அனுப்பிவிட்டுத் திரும்பி அண்ணியைப் பார்த்தார், வழக்கமான சிரிப்புக்காக. அண்ணி சிரிக்கத்தான் செய்தார்.

“நல்லா சொன்னீங்க தம்பி,” என்றார். பிறகு தேய்த்ததையும் தேய்க்காததையும் ஒன்றாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அந்தப் பேச்சு கலரின் எந்தப் பேச்சும் போகாத தூரம் போயிற்று. குழுவில் இருந்தவர்கள் வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள். பட்டறையில் தகரம் தட்டுகிறவர்கூடப் பெயிண்ட் சரியாக ஒட்டாத இடத்தைப் பார்த்தால், “ஒரு நூல் கீழ நிக்குது கலரண்ணே” என்று ஆரம்பித்துவிட்டார். கலர் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். அண்ணி சொல்லாமல், தானே சொன்னது இவ்வளவு பிரமாதமாக எடுபடுகிறதே என்று ஒரு பெருமை வேறு.

அடுத்த ஞாயிறு அண்ணி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கீழே கேட்டால், “முட்டி வலி தம்பி. இங்கயே தேச்சுக்கறேன்” என்றார். கலர் நம்பினார்.

ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த மனைவி, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் வந்து நின்றாள்.

“அக்காவைப் பத்தி என்ன பேசி அனுப்பினீங்க?”

“அண்ணியைப் பத்தியா? நான் ஏன் பேசறேன்?”

“தாலாட்டுப் பாட்டு. பின்னால பாடற பொம்பளை.”

கலருக்குப் புரியவில்லை.

“அது அக்காதாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்டூடியோவுல கோரஸ் பாடப் போயிருக்காங்க. அந்தப் பாடகியம்மாவே இவங்க குரலைக் கேட்டு, ஒரு பாட்டுல கூடப் பாடச் சொல்லியிருக்காங்க. ரெக்கார்டு அட்டையில பேரு போடல. அத்தைக்குப் பாட்டுக்காரின்னா ஆகாதுன்னு, இந்த வீட்டுக்கு வந்தப்புறம் பேசவே வேணாம்னு உங்க அண்ணன் சொல்லிட்டாராம். அவரு ஆஸ்பத்திரில இருந்தப்ப, நானும் அக்காவும் வராந்தாவுல உக்காந்திருப்போம்ல, அப்ப சொன்னாங்க. நீங்களா ஒரு நாள் அந்தப் பாட்டைக் கேட்டு, யாரு இதுன்னு கேப்பீங்க, அப்ப சொல்லலாம்னு இருந்தாங்களாம்.”

மனைவி கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“மாத்திரை வாங்கப் போனவங்களை நிறுத்தி, ‘உங்க கொழுந்தனார் பேச்சைக் கேளுங்கம்மா’ன்னு மருந்துக்கடைக்காரர் போட்டுக் காட்டியிருக்காரு. கடையில நின்ன எல்லாரும் சிரிச்சாங்களாம். அக்காவும் சேர்ந்து சிரிச்சிட்டு, மாத்திரையை வாங்காமலே வந்துட்டாங்க. நான்தான் இப்ப வாங்கிட்டு வர்றேன். அவரு எனக்கும் போட்டுக் காட்டினாரு.”

மறுநாள் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் அறை காலியாக இருந்த நேரம், கலர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றாவது பாட்டைக் கேட்டார். மறுபடி மறுபடி கேட்டார். இப்போது அந்தக் குரல் வேறாக இருந்தது. பாடகி வரியை முடிக்கும் இடத்தில் அது மெல்ல இறங்கி, அவர் மூச்சு வாங்க இடம் விட்டு, திரும்ப வந்து சேர்ந்துகொண்டது. தூளியை ஒருத்தி ஆட்ட, இன்னொருத்தி அது சுவரில் இடிக்காமல் கையைக் கொடுத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.  கலருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதில் சிவப்பு இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால், பிறகு எந்தக் கண்ணுக்கும் சிவப்பு தெரியத்தான் செய்யும். தொழிலில் அவருக்கு அது நன்றாகத் தெரியும். இது காது கேட்பதா, குற்றமனசு கேட்பதா?

இருந்தாலும் அன்று சாயங்காலம் கீழே போனார். அண்ணி வாசலருகே உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டேன். ரொம்ப நல்லா இருக்கு. நான்தான் அன்னிக்கு ஒழுங்கா கேக்கல.”

“உக்காருங்க தம்பி.” அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அன்னிக்குத்தான் ஒழுங்கா கேட்டீங்க. இப்ப நீங்க பாட்டைக் கேக்கல. என்னைக் கேக்கறீங்க.”

“இல்ல அண்ணி, நெசமாவே—”

“ஒரு நூல் கீழதான் நின்னேன். ரெக்கார்டிங் பண்ணினவரே சொன்னாரு, இன்னொருவாட்டி எடுக்கலாம்னு. அந்த அம்மாதான், ‘விடுங்க, புள்ள பயந்து பாடுது, தாலாட்டுக்கு அதுவும் வேணும்’னாங்க. அதனால நீங்க சொன்னது தப்பில்ல.”

கலர் கீழே விழுந்திருந்த கொக்கி ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார்.

“இத்தனை நாளா நான் சொன்னதைத்தான நீங்க சொல்லிட்டிருந்தீங்க? அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இந்த வீட்டுல என் வாயில பாட்டைப் பத்தின பேச்சு வந்ததே உங்களாலதான். என் பேச்சு நாலு பேர் காதுக்குப் போகுதேன்னு சந்தோஷமாதான் இருந்துச்சு.” அண்ணி அடுத்த கொக்கியை எடுத்தார். “இதை ஒண்ணைத்தான் நீங்களா சொன்னீங்க.”

குரலில் காரம் இல்லை. இருந்திருந்தால் கலர் தாங்கியிருப்பார்.

அந்த ஞாயிறு குழுவுக்கு அவர் உண்மையைப் பேசி அனுப்பினார். மூன்றாவது பாட்டில் பாடியது என் அண்ணி, இதுவரை நான் சொன்ன நல்ல அபிப்பிராயங்கள் எல்லாம் அவர் சொன்னவை, அன்றைக்குச் சொன்னது மட்டும் என்னுடையது, அதற்காக வெட்கப்படுகிறேன் என்று. பேசும்போது குரல் தழுதழுத்தது. கலர் புதுசாக ஒரு தமாஷ் கண்டுபிடித்திருக்கிறார் என்று குழு எடுத்துக்கொண்டது. சிரிக்கும் மூஞ்சிகளாக வரிசை கட்டி வந்து விழுந்தன. “கலர் சார், நடிப்பும் வருதா உங்களுக்கு?” என்று எழுதினார் மருந்துக்கடைக்காரர். கலர் நேரில் போய் விளக்கினார். மருந்துக்கடைக்காரர் முகம் சுருங்கிப்போனது. தன்னிடமிருந்த பதிவை அப்போதே அழித்தார். ஆனால் ஊரெல்லாம் சிந்திய பெயிண்ட்டை எந்தத் துணியால் துடைப்பது? அது இன்னும் யார் யார் போனிலோ இருந்தது.

அதற்குப் பிறகு கலரின் அபிப்பிராயங்கள் சுருங்கின. ப்ளூஸ் வந்தது, ரெகே வந்தது, நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் சிம்பொனி வந்தது. எதைக் கேட்டாலும் அண்ணி இதற்கு என்ன சொல்வார் என்று யோசிப்பார். ஒன்றும் தோன்றாது. ‘நல்லா இருக்கு’ என்று அனுப்புவார். சில மாதத்தில் குழு தானாகவே அடங்கிப்போயிற்று. சண்டை எதுவும் இல்லை. அடுப்பில் யாரும் விறகு தள்ளாமல் நெருப்பு அவிவதுபோல அவிந்தது.

தன் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அண்ணி அவளோடு இருக்கப் போனார். போகிற அன்று கலரின் மனைவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கலரிடம், “உடம்பைப் பாத்துக்கங்க தம்பி. அந்தப் பெயிண்ட் புகையில முகமூடி போடாம நிக்காதீங்க” என்றார். ஒரு குறையும் இல்லாத பிரியம். அதில்தான் கலருக்கு அழுகை வந்தது.

வருஷம் ஒன்று கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கலர் தேடிப் பிடித்து வைத்திருந்த ஆல்பம் ஒன்றைப் போட்டுவிட்டு அண்ணிக்குப் போன் செய்தார். ஒரு கிழவர் தனியாகப் பியானோ வாசிக்கிற ஆல்பம் அது. நடுநடுவே தன்னையறியாமல் கூடவே முனகுவார். அண்ணிக்குச் சொல்ல இதில் நிறைய இருக்கும் என்று கலருக்குத் தோன்றியிருந்தது.

“கொஞ்சம் கேளுங்க அண்ணி,” என்று போனை ஸ்பீக்கர் அருகே பிடித்துக்கொண்டார். கை கடுத்தது. ஒரு பாட்டு முழுக்க முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் குழந்தை ஏதோ மழலையில் சொல்லிக்கொண்டிருந்தது.

“எப்படி அண்ணி இருக்கு?”

“நல்லா இருக்கு தம்பி,” என்றார் அண்ணி.

கலர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். “அங்க மழை உண்டா தம்பி?” என்று கேட்டார் அண்ணி.