வெள்ளிக்கிழமைப் பிரியாணி

கருணை என்பது கொழும்பில், குளிரூட்டிய மண்டபத்தில், இரண்டு நாளில் படித்து முடிக்கக்கூடிய பாடம் என்று அதிபர் சிவரூபி மடம் நம்பினார். படித்து முடித்து, சான்றிதழோடு கிளிநொச்சிக்குத் திரும்பியும் விட்டார். அதன் பிறகு அவர் தலைமை தாங்கும் சித்திரக் கல்லூரியில் கருணைக்குத் தப்பி ஒருவரும் நடமாட முடியவில்லை. வாசலில் ‘இங்கே எல்லோரும் நம்மவர்’ என்று பதாகை தொங்கியது. உள்ளே, விரிவுரையாளர் பிரசாந்தனின் மேசையில், அதே மடம் ஒப்பமிட்ட எச்சரிக்கைக் கடிதம் கிடந்தது.

கடிதம் முஃப்லிஹாவுக்கு. முல்லைத்தீவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கும் பிள்ளை. வகுப்பில் ஒரேயொரு முஸ்லிம் மாணவி. பிரசாந்தனின் பின்னேர ஓவிய வகுப்பிலிருந்து இரண்டு கிழமையாகப் பாதியில் எழும்பிப் போகிறாள். இன்னொரு தடவை போனால் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். அதற்கு அவள் வீட்டில் விடமாட்டார்கள் என்று பிரசாந்தனுக்குத் தெரியும். தெரிந்தும் ‘ஆர்வம் போதாது’ என்று எழுதிக் கொடுத்தவன் அவன்தான். ஏன் போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்பது பாடத்திட்டத்தில் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ‘ஒன்றாய் உண்போம்’ விழா வந்தது. கொழும்பிலிருந்து ஆலோசகர் ஒருவரும் வந்திருந்தார். மேசை நிறையப் பிரியாணிப் பொதிகள்.

“முஃப்லிஹா, உமக்காகத்தான் கோழிப் பிரியாணி. ஹலால் கடையில சொல்லி எடுப்பிச்சது” என்றார் மடம்.

“நோன்பு, மடம்.”

“அப்ப சோடாவாவது குடியுமன்.”

“அதுவும் ஏலாது, மடம்.”

மடம் பொதியைப் பக்கத்தில் நின்ற டக்சாயினியிடம் நீட்டினார். அவள் கடற்கரைக் கத்தோலிக்கப் பிள்ளை. “தவக்காலம், மடம். வெள்ளியில நாங்கள் இறைச்சி தொடமாட்டம்” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மிச்சப் பேர் எல்லோரும் சைவப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமையில் யார் வீட்டில் மச்ச மாமிசம் காய்ச்சுகிறார்கள்?

“நீங்கள் தொடக்கி வையுங்கோவன், மடம்” என்றான் அவர்களில் ஒருவனான கிருசாந்தன், மிகுந்த பணிவோடு.

“எனக்கு வெள்ளி விரதமெல்லே” என்றார் மடம். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

மூன்று சமயமும் இவ்வளவு ஒற்றுமையாய் நின்றதை அந்தக் கல்லூரி அதற்கு முன் கண்டதில்லை. ஆலோசகர் மட்டும் ஒரு மூலையில் இருந்து, எல்லோருக்குமான ஒற்றுமையைத் தனியே உண்டு முடித்தார்.

ஆனாலும் மடத்துக்குப் புகைப்படம் வேண்டும். “பிள்ளை, பொதியைத் திறந்து வாய்க்குக் கிட்டப் பிடியும். சாப்பிடுற மாதிரித்தானே. கடவுள் கோவிக்கமாட்டார்.” கடவுளின் மனநிலை பற்றியும் கொழும்பில் ஒரு அமர்வு நடந்திருக்க வேண்டும். முஃப்லிஹா பிடித்தாள். விடியப்புறம் தொட்டுத் தண்ணீரும் குடிக்காத அவள் முகத்தில் பிரியாணியின் ஆவி அடித்தது. படம் நன்றாக வந்தது.

பிரசாந்தன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் ஓவியக்கூடத்துக்குப் போனபோது, அவள் தன் தூரிகைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க போறீர்?”

“வீட்டை, சேர். இனி வரமாட்டன். இன்னொருக்கால் பாதியில எழும்பிப் போனால் வருசம் போச்சாம்.”

“ஏன்?” அந்த ஒரு சொல்லுக்கு அவனுக்கு இரண்டு கிழமை பிடித்திருக்கிறது.

“மூண்டரை பஸ்ஸை விட்டால் வழியிலதான் நோன்பு திறக்கோணும், சேர். நோன்பு தொடங்கின முதல் நாள் அஞ்சு மணிக்குத்தான் வெளிக்கிட்டனான். முரசுமோட்டையில பஸ் பழுதாய்ப் போச்சு. இருட்டுக்க, றோட்டுக்கரையில தனிய நிண்டு தண்ணியைக் குடிச்சனான். அதோட வாப்பா சொல்லிட்டார், ஒண்டில் மூண்டரை பஸ், இல்லாட்டிப் படிப்பு வேண்டாமெண்டு.”

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“ஒருத்தரும் கேக்கேல்லையே, சேர்.”

அவன் சுவரிலிருந்த நேர அட்டவணையைப் பார்த்தான். “வகுப்பைக் காலமை எட்டு மணிக்கு வைச்சால்?”

“விடியமுன்னம் சகர் சாப்பாட்டுக்கு எழும்பினால் பிறகு எனக்கு நித்திரை இல்லை. முதல் பஸ்ஸுக்கே வந்திடுவன்.” பையை மூடவிருந்த கை நின்றது.

பிரசாந்தன் நேரே மடத்திடம் போனான். கடிதத்தைக் கிழித்து அவர் மேசையில் வைத்தான்.

“நேர அட்டவணைக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டாச்சு, பிரசாந்தன்” என்றார் மடம் வேதனையோடு. “ஒருத்தருக்காக மாத்தினால் சமத்துவம் என்னாகிறது?”

“ஒருத்தருக்கில்லை, மடம். எல்லாருக்கும்தான் மாத்துறன்.”

மடம் பிறகு தன் அறிக்கையில் அதைக் ‘கருணைக் கற்பித்தலின் முதல் வெற்றி’ என்று எழுதிக்கொண்டார். எழுதட்டும். நல்ல காரியத்துக்கு யார் பெயர் வாங்கினாலும், கணக்கு வைக்கிறவன் மேலே இருக்கிறான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். நெடுங்கேணியிலிருந்து வரும் கிருசாந்தன் மட்டும் கண்ணைக் கசக்கியபடி, “எனக்கும் சகர் சாப்பாடு தாறதெண்டால் பரவாயில்லை” என்று முணுமுணுத்தான். எல்லோரும் தங்கள் ஓவியங்களைச் சுவரில் குத்தினார்கள். இதுவரை முஃப்லிஹாவின் ஓவியத்துக்கு முன்னால் வந்ததும் வகுப்பு மரியாதையாக “வடிவு” என்று சொல்லிக் கடந்துவிடும். விருந்தாளியின் சமையலுக்கு யார் உப்புப் பார்ப்பது?

அன்று அவள் ஒரு ஆட்டை வரைந்திருந்தாள். டக்சாயினி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“எடியே, என்ன இது? ஆட்டுக்கு நாயின்ர கால்.”

பிரசாந்தன் தடுக்க வாயெடுத்து, விட்டுவிட்டான்.

“உனக்கு மீனைத் தவிர என்னடி தெரியும்?” என்றாள் முஃப்லிஹா. “எங்கட வீட்டு ஆட்டை வந்து பார்.”

“எப்ப வரட்டும்?”

“நோன்புப் பெருநாளுக்கு வா” என்று சொல்லிவிட்டு, பென்சிலை எடுத்து, முணுமுணுத்தபடியே அந்தக் காலைத் திருத்தத் தொடங்கினாள்.