கனெக்‌ஷன் யார் பேரில்

...யார் பேரில் போடணும் மேடம் என்று போனில் அந்தப் பெண் கேட்டபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, என் பேரில்தான் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, கனகலட்சுமி, ஆமாம், ஆதாரில் இருக்கிற மாதிரியே... இரண்டு நாளாகியும் கனகலட்சுமிக்கு அது அடங்கவில்லை. வீடு மாமனார் பேரில், கரண்டு மீட்டர் அவர் பேரில், வண்டி வீட்டுக்காரர் வெள்ளத்துரை பேரில், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று தன் படம் இருக்கிறது, ஆனால் அது ஆபீசில் அவர்களாக மாற்றிக் கொடுத்தது, நான் கேட்கவா செய்தேன். இந்தப் புது நெட் லைன்தான் தானே விசாரித்து, தன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைத் தானே சொல்லி வாங்கியது. காலையில் ஏணியோடு வந்து இறங்கிய பேச்சிராஜ், கண்ணாடி போட்ட ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும், வாசலில் நின்று "கனகலட்சுமி மேடம் வீடு இதானா?" என்றுதான் கேட்டார். வெள்ளத்துரை வீடு என்றுதானே இருபத்து மூன்று வருஷமாக இந்தத் தெருவில் கேட்கிறார்கள், தபால்காரர், பால்காரர், கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்கள் எல்லாரும். ஆமா, இதான் என்று கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்... இப்போது மொட்டை மாடியில் பேச்சிராஜ் நடக்கிற சத்தம் கேட்கிறது, தெருக் கம்பத்திலிருந்து வயரை இழுத்துக் கைப்பிடிச் சுவரில் கட்டுகிறார். மணி பத்தே கால். பன்னிரண்டுக்கு மஸ்கட் வகுப்பு. அதற்குள் முடிந்துவிடுமா? முடிந்துவிடும் என்றுதான் சொன்னார், அவசரப்படுத்தக் கூடாது, தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தால் போதும்.

பி.எஸ்சி. கணக்கு, முதல் வகுப்பு, கல்யாணத்துக்கு முன்னால். அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்த்தது பையன் அருண்பாண்டியன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகுதான், அவன் விட்டுப் போன பழைய லேப்டாப்பை மூடி வைத்திருந்தால் பூச்சி ஏறும் என்று திறந்ததில் ஆரம்பித்தது. முதலில் நாத்தனார் மகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன், பிறகு அவளுடைய தோழி, இப்போது ஐந்து பிள்ளைகள், அதில் கடையநல்லூர்க்காரர் மகள் மெஹர்பானு மஸ்கட்டில் எட்டாவது படிக்கிறாள். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, அதனால் அவளுக்கு இன்றைக்குத்தான் வகுப்பு. பக்கத்துத் தெருத் தறிச் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று ஜன்னலுக்குக் கெட்டிப் போர்வை தைத்துப் போட்டாள், மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்து நடத்தினாள், எல்லாம் செய்து என்ன, லைன் நிற்க வேண்டுமே. x-ஐ இந்தப் பக்கம் கொண்டு வந்தால் என்று சொல்லி நிமிர்ந்தால் அங்கே அந்தப் பிள்ளை வாயைப் பாதி திறந்தபடி அப்படியே உறைந்திருக்கும். எத்தனை சமன்பாடு அரபிக் கடலுக்கு நடுவில் நின்று போயிருக்கும்... உடனே சிவனாண்டி அண்ணாச்சிக்குப் போன் போடுவாள். இந்தப் பக்கம் முழுக்க அவர்தான் கேபிளும் நெட்டும் கொடுக்கிறார், வெள்ளத்துரையோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். லைன் கட்டாகுது அண்ணாச்சி என்றால், சரி தங்கச்சி, வெள்ளத்துரையப் பேசச் சொல்லு என்பார். வெள்ளத்துரை புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஏலத்தில் நிற்பார், ராத்திரிதான் வருவார், வந்து பேசுதேன் என்பார், பேசுவார், பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் சிரித்துக்கொண்டே போனை வைப்பார். மறுநாள் லைன் மறுபடி நிற்கும்.

கெட்டவர் இல்லை சிவனாண்டி, அதுதான் சங்கடம். கொரோனாவில் ஊரே அடைத்துக் கிடந்தபோது முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, பையன் படிப்புக் கெடக் கூடாதுன்னு அவரே மாடியேறி வயர் இழுத்துக் கொடுத்தார், காபிகூடக் குடிக்கவில்லை. அதைச் சொல்லித்தான் வெள்ளத்துரை மறித்தார், ஏட்டி, நான் அவன் மூஞ்சில எப்படி முழிக்கது என்று. மாசம் முந்நூறு ரூபாய் குறையுதுங்க, புது பைபர்காரன் வேகமும் கூடத் தாரான், என்றாள் இவள். முந்நூறா என்றார். அதோடு சரி, பேச்சு முடிந்தது. அப்போது ஜெயித்த மாதிரிதான் இருந்தது, இன்னொரு பக்கம் சப்பென்றும் இருந்தது... முந்நூறு ரூபாய்க்காகத்தானா? சிவனாண்டிட்ட யாரு பேசுவா என்று கேட்டதற்கு, நான் பேசிக்கிடுதேன் என்று சொன்னாளே, அது மட்டும் முந்நூறு ரூபாயில் சேராது.

பேச்சிராஜ் கீழே இறங்கி வந்து வரவேற்பறைச் சுவரில் துளை போடும்போதுதான் சிவனாண்டி வந்தார். பழைய பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நேற்றே தகவல் அனுப்பியிருந்தாள், ஆளை அனுப்புவார் என்று நினைத்தாள், அவரே வந்துவிட்டார். வாசலில் ஏணியைப் பார்த்தார், உள்ளே பேச்சிராஜைப் பார்த்தார், பிறகுதான் இவளைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, வெள்ளத்துரை சொல்லவே இல்ல?"

"அவுக சொல்லல அண்ணாச்சி. நாந்தான் மாத்துதேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். காலையில் அரிசி களையும்போதே இவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள், விலைவாசி இப்படி இருக்கு அண்ணாச்சி, பையன் ஹாஸ்டல் செலவு வேற, தப்பா நெனைக்காதிய என்று, அந்த வரிசையில் சொல்ல வேண்டும். சொன்னாள். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? அதே ரேட்டுக்கு நானுந் தாரேன். நமக்குள்ள என்ன," என்றார். போச்சு. இது ஒத்திகையில் இல்லை. துளை போடும் மிஷின் சத்தம் நின்றிருந்தது, பேச்சிராஜ் ஆணியைத் தேடுகிற மாதிரி பைக்குள் குனிந்துகொண்டார். சரி என்று சொல்லிவிடலாமா, சொன்னால் எல்லாருக்கும் நல்லது, வெள்ளத்துரைக்கு முகம் கோணாது, இவருக்கும் வாடிக்கை போகாது, காசும் மிச்சம், வேறென்ன வேண்டும் உனக்கு? வேறென்ன வேண்டும்... அந்த ஏழெட்டு நொடியில்தான் அவளுக்கே தெரிந்தது, ரேட்டு ரேட்டு என்று வீட்டில் சொன்னது, இவரிடம் சொன்னது, தனக்குத் தானே சொல்லிக்கொண்டது எல்லாம் மேல்பூச்சு. பெண்பிள்ளை ஒன்றை மாற்றுகிறாள் என்றால் மிச்சம் பிடிக்கத்தான் மாற்ற வேண்டும் போல, வேறு காரணம் சொன்னால் எடுபடாது போல, யார் சொல்லித் தந்தது இதை?

"ரேட்டு இல்ல அண்ணாச்சி."

"பின்ன?"

"லைன் கட்டாகுதுன்னு நான் எத்தன வாட்டி போன் பண்ணிருப்பேன். ஒவ்வொரு வாட்டியும் அவுகளப் பேசச் சொன்னிய. பாடம் நடத்துதது நானு. எப்பப் போச்சு, எத்தன நிமிசம் போச்சுன்னு எனக்குத்தான தெரியும். எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாம்லா."

கை சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதை அவர் பார்த்திருக்க மாட்டார். சிவனாண்டி பிடரியைத் தடவினார். "அப்படியா சொன்னேன்?" என்றார், நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை, பிறகு, "நெனச்சுச் சொல்லல தங்கச்சி. பழக்கத்துல வந்திருக்கும்."

தெரியும் அண்ணாச்சி என்றாள். தெரியும்தான், கோபமும் இல்லை, கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு நேரே சொல்லியிருக்க வராது. காபி கொடுத்தாள், குடித்தார். பெட்டியை எடுத்து, வயரைக் கையில் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே, "எத்தன பிள்ளைய படிக்கி?" என்று கேட்டார். இத்தனை நாளில் முதல் தடவை. "அஞ்சு. ஒண்ணு மஸ்கட்டுல இருக்கு." அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கையிலிருந்த வயரைப் பார்த்தார். மஸ்கட்டா என்றார், இது வழியாவா என்பது போல. ஒன்றரை வருஷமாக அது வழியாகத்தான், விட்டு விட்டென்றாலும் அவ்வளவு தூரம் போனது அவருடைய வயர்தான், அதை நாமும் சொல்லியிருக்கலாம்... சொல்வதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். வாரேன் தங்கச்சி என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போனவர் பேசியிருப்பாரோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் வெள்ளத்துரையிடமிருந்து மெசேஜ், சிவனாண்டி வந்தானா, கோவிச்சானா என்று. வந்தாக, காபி குடிச்சிட்டுப் போனாக என்று அடித்தாள். அதே ரேட்டுக்குத் தருவதாகச் சொன்னதை அடித்து, பிறகு அழித்தாள். கேபிள்காரரிடம் சொல்ல முடிந்தது, இவரிடம்? இவரும் அதையேதானே சொன்னார், நான் பேசுதேன், நான் பேசுதேன் என்று... அது இன்றைக்கு வேண்டாம். பேச்சிராஜ் தலைமுடி போன்ற இழையை வெட்டி, துடைத்து, சின்ன மீட்டரில் செருகிப் பார்த்து, சிக்னல் நல்லா இருக்கு மேடம், இதுக்கு மேல வேண்டாம் என்றார். பெட்டியில் பச்சை விளக்கு நின்றது. பெயரும் பாஸ்வேர்டும் நீங்களே போடுங்க என்று போனை நீட்டியபோது, பெயர் என்கிற இடத்தில் kanagalakshmi_maths என்று போட்டாள், தெருவில் யார் வைபை தேடினாலும் அது தெரியும், தெரியட்டும். அவர் புறப்பட்ட பிறகு முகம் கழுவிப் பவுடர் போட்டு, போர்வையை இழுத்துவிட்டு உட்கார்ந்தபோது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

மெஹர்பானு வந்தாள். இவ்வளவு தெளிவாகவா இந்தப் பிள்ளை இருக்கிறாள், இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்புகூட இருக்கிறதே, இத்தனை மாதத்தில் கண்ணில் படவில்லையே. வணக்கம் டீச்சர் என்றது அவள் உதடு அசைந்த அதே கணத்தில் கேட்டது. கனகலட்சுமி நடத்தினாள். நிற்கவில்லை, கேட்குதா, தெரியுதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, சொல் சொல்லாகப் போய்ச் சேர்ந்தது, இருபது நிமிஷம் தண்ணீர் மாதிரி ஓடியது, கல்லூரியில் செமினார் எடுத்த நாளில் இருந்த நிமிர்வு முதுகில் வந்து உட்கார்ந்தது, இதை யார் வந்து பார்த்தாலும் பார்க்கலாம். மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ப்ளஸ், பாத்தியா, என்று கோடு போட்டுக் காட்டி நிமிர்ந்தாள். மெஹர்பானு உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். "போன வாரமும் சொன்னீங்க டீச்சர். ஆனா ஏன் ப்ளஸ் வருது? எனக்குப் புரியல."

லைனில் போயிருக்கும் என்று நினைக்க இன்றைக்கு வழியில்லை. ஒரு எழுத்துகூடச் சிந்தவில்லை. அப்படியானால் போன வாரமும், அதற்கு முந்தின வாரமும்... எத்தனை புரியாததை லைன் மேல் போட்டேன்? ஏன் ப்ளஸ்? எனக்கு யார் சொன்னார்கள் ஏன் என்று, விதி என்றார்கள், எழுதினேன், முதல் வகுப்பில் தேறினேன், ஒருநாளும் கேட்கவில்லையே. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் தலை குனியவில்லை, கேட்கிற பிள்ளை தன்னிடம்தான் கேட்கிறாள். "இரு மக்கா," என்று பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள், "யோசிச்சுச் சொல்லுதேன்." திரையில் மெஹர்பானு கன்னத்தில் கையை வைத்தபடி கண் சிமிட்டினாள், இன்னொரு தடவை சிமிட்டினாள், காத்திருந்தாள்.