இது யார் கை?

என் புருஷன் அதெமார் வாயைத் திறந்து ஒருத்தரைப் பாராட்டினால் அன்றைக்கு மழைதான். நான் போடுகிற சீஸை சான் லினோ சந்தையில் வரிசையில் நின்று வாங்குவார்கள். இந்த மனுஷன் தட்டில் வைத்தால், "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்பார். அதையும் முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான் சொல்வார்.

அவர் மனசாரப் புகழ்கிற ஒரே ஜீவன் எங்கள் பிக்கப் வண்டி. மாமனார் வாங்கியது, ஐம்பத்தொன்றாம் வருஷத்து மாடல். "எங்க வண்டி வழியில ஒருநாள் நின்னதில்ல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். நிற்காமல் என்ன? வாரா வாரம் சீஸையும் கன்றுக்குட்டியையும் ஏற்றிக்கொண்டு அந்த மேட்டிலும் பள்ளத்திலும் போனவள் நான். எத்தனை தடவை நின்றது என்று எனக்குத்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் சாவியை என் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "இந்தா பாரு நேலி, ஒருநாள் வண்டி உன்கிட்ட நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கோட சாவி என் பாக்கெட்டுக்கு வந்துரும்." சரி, அப்போ கேள்விப்படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் முடிவு பண்ணிவிட்டேன். எங்கள் அப்பா பண்ணை பண்ணையாகப் போய்க் காற்றாலைகளை ரிப்பேர் பார்த்தவர். நட்டும் போல்ட்டும் எனக்கு விளையாட்டுச் சாமான். வண்டி நின்றால் கண்ணுக்கெட்டின தூரம் பசுமாட்டைத் தவிர ஒரு ஈ காக்காய் இருக்காது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடியில் படுத்துவிடுவேன். கம்பியோ, தோலோ, கையில் கிடைத்ததை வைத்துக் கட்டி, வீட்டுக்கு வந்து கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். "சந்தையில நல்ல கூட்டம், அதான் நேரமாயிருச்சு" என்பேன். அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம் பால் கம்பெனி லாரி வாசலுக்கே வர ஆரம்பித்தது, அதெமாரை ஒரு குதிரை முட்டியில் உதைத்தது, வண்டி கொட்டகைக்குள் போய்விட்டது. இந்த வருஷம் ஊர் பிறந்தநாள் ஊர்வலத்தில் பழைய வண்டிகளையும் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனுஷனுக்கு ஜுரம் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஊர் மெக்கானிக் பசிலியோவை ஞாயிற்றுக்கிழமைதோறும் வரச் சொல்லி, ரெண்டு பேருமாக வண்டியைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் ஞாயிறே ஒரு கூச்சல். "நேலி! ஏய் நேலி! இங்க வந்து பாரு!"

ஓடினேன். ஓட்டுகிறவர் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைக் கிழித்து எடுத்திருந்தார். அடியில் தரை துருவில் உதிர்ந்துபோயிருக்க, நடுவில் ஒரு பால் கேன் மூடியைத் தட்டித் தட்டித் தட்டையாக்கி, ஓரமெல்லாம் ரிவிட் அடித்து யாரோ அடைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ. அந்த மூடி காணோம் என்று பக்கத்துப் பண்ணைக்காரனோடு ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தவர் இந்த அதெமார்.

"பாருடி, ஒரு ரிவிட்டாவது தள்ளி நிக்குதா? நூல் புடிச்ச மாதிரி! எந்த மகராசன் கை இது?" என்று விரலால் அந்த ஓரத்தைத் தடவினார். கண்ணில் அப்படி ஒரு மரியாதை.

சொல்லியிருக்கலாம். சத்தியமாக வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து எனக்கு இப்படி ஒரு சொல் வந்ததில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று ஆசை. யாருக்கு என்று தெரியாமல் கொடுத்தாலும் பாராட்டு பாராட்டுதானே. பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை. விரிந்துபோன பட்டையைச் சுற்றிப் பச்சைத்தோல் வார் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. ஈரத்தில் சுற்றியது, காய்ந்து இறுகி இரும்பாகிப்போயிருந்தது. அதெமார் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. "அடேங்கப்பா! ரெண்டு கன்னுக்குட்டி எடைய இதுல ஏத்திருக்கோம்யா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அதற்கடுத்து கியர் கம்பி. ஸ்டீரிங்குக்குக் கீழே அது உட்காருகிற இடத்தில் பித்தளை வளையம் இருக்க வேண்டும். இருந்ததோ மாட்டு எலும்பில் செதுக்கிய வளையம். கண்ணாடி மாதிரி இழைத்தது. அதெமார் அதைக் கழற்றித் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் பசிலியோ பக்கம் திரும்பினார். "யோவ், வருஷத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்த உன்கிட்டதானே விடுவேன். நீ பண்ணதுதானே இதெல்லாம்? சொல்லாம கொள்ளாம பண்ணி வெச்சிருக்க, கள்ளப்பய!"

பசிலியோ ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் இலைக் கஷாயமான மாத்தேயைக் குடுவையில் இருந்த குழலால் நிதானமாக ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "எத்தனையோ வண்டி, எத்தனையோ வேலை. எதை எதை ஞாபகம் வெச்சுக்கறது, அதெமார்" என்றார்.

என் கையால் மாத்தே வாங்கிக் குடித்துக்கொண்டே சொல்கிறார்! அடுத்த சுற்று அவருக்கு ஆறின தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் ஒருத்தருக்குக் குளிர்ந்த மாத்தே கொடுத்தால், எழுந்து நடையைக் கட்டு என்று அர்த்தம். குழந்தைக்குக்கூடத் தெரியும். அவரோ, "இன்னைக்கு இதமா இருக்கு" என்று குடித்து வைத்தார். கல்லுளிமங்கன்.

அன்றைக்கு மாலையே அதெமார் அறிவித்தார்: ஊர்வலத்துக்கு முதல் நாள் பசிலியோவுக்கு மரியாதையாக ஒரு ஆட்டுக்குட்டியை அடித்து நெருப்பில் போடுவது. அது போகட்டும். அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள். "என் முட்டி கிளட்ச்சை மிதிக்காது. இந்த வண்டிக்கு உசுரு கொடுத்தவன்தான் ஊர்வலத்துல ஓட்டணும். பசிலியோ ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன்.

"நீ தொரிலாவோட சதுக்கத்துல நின்னு கைதட்டு." தொரிலா அவர் தங்கச்சி.

என் வண்டி. என் குறுக்கெலும்பு தேய்ந்த சீட்டு. அதில் அந்த ஊமைக் கோட்டான் உட்கார்ந்து ஊருக்குக் கையாட்ட, நான் ஓரத்தில் நின்று கைதட்ட வேண்டுமாம்! அன்று ராத்திரி சூப்பைத் தட்டில் ஊற்றும்போது சொல்லிவிட்டேன். "யோவ், அது பூரா நான் பண்ண வேலை. மூடி, தோலு, எலும்பு எல்லாம் நான்தான்."

கரண்டி வாயருகே நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், சூப்பு மூக்கில் ஏறி இருமுகிற அளவுக்கு. "நீயா? சரிதான்! அப்ப கொட்டகைய கட்டுனது நம்ம நாயா?"

நான் மறுபேச்சு பேசவில்லை. பேசியிருந்தால் தட்டு பறந்திருக்கும்.

விருந்து நாள் வந்தது. வண்டி சிவப்புப் பூச்சில் மணப்பெண் மாதிரி நின்றது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் செய்திருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி, கியர் வளையம். எலும்பை எடுத்துவிட்டுப் புதுப் பித்தளை போடலாம் என்று அதெமார் தலைநகர் மொந்தேவிதேயோ வரைக்கும் சொல்லி அனுப்பிப் பார்த்தார். கிடைக்கவில்லை. சரி, போட்டவரே இருக்கிறாரே, அவரே திரும்பப் போட்டுவிடுவார் என்று விட்டுவிட்டார்கள்.

ஆட்டுக்கறி முடிந்து, ஒயின் ஒரு சுற்று போய், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். பசிலியோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார். வளையத்தை மாட்டினார். கியர் விழவில்லை. கழற்றித் திருப்பி மாட்டினார். முன்னே போகிற கியர் விழுந்தது, பின்னே போகிறது விழவில்லை. கிரீஸ் கேட்டார். சுத்தியல் கேட்டார். அப்புறம் வெளிச்சம் பத்தவில்லை என்றார். நடு மத்தியானம்!

"ஏன் பசிலியோ, உன் குழந்தையே உன்னை அப்பான்னு கூப்பிட மாட்டேங்குதே?" என்று ஒருத்தன் கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதெமார் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. நாளைக்குக் காலையில் ஊர்வலம்.

தொரிலா என் விலாவில் இடித்தாள். "அண்ணி, என்ன நீங்க இப்படி ஓரமா நின்னு சிரிக்கிறீங்க?"

"நகருங்க எல்லாரும்" என்றேன்.

ஏப்ரனோடே போய் வண்டிக்குள் மல்லாந்து படுத்தேன். "பசிலியோ அண்ணே, அந்த வளையத்தைக் கொடுங்க. அது வட்டம் மாதிரி தெரியும், வட்டம் கிடையாது. கம்பி வளைஞ்சிருக்கு, அதனால ஒரு பக்கம் நான் ஒல்லியா இழைச்சிருக்கேன். ஒல்லிப் பக்கம் மேல வரணும். கம்பிய ரெண்டாவது கியர்ல வெச்சுக்கிட்டுத்தான் உள்ள தள்ளணும்." பேசிக்கொண்டே தள்ளினேன். டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! எழுந்து சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். முன்னே ஒரு வண்டி நீளம், பின்னே ஒரு வண்டி நீளம். பின்னே வரும்போது கூட்டம் சிதறி ஓடியது. வேண்டுமென்றேதான் கொஞ்சம் வேகமாக வந்தேன்.

பசிலியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நேலி, நான் பண்ணேன்னு ஒருநாளும் சொல்லல. ஆனா இல்லைன்னும் சொல்லல. அதுதான் தப்பு. யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்ல, கேக்க நல்லா இருந்துச்சு."

அந்த வார்த்தையில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. கேட்க நல்லா இருக்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? "சரி விடுங்க. தின்ன ஆட்டைத் திருப்பியா கொடுக்க முடியும்? உக்காருங்க, சூடா மாத்தே தரேன்" என்றேன்.

மறுநாள் காலையில் அதெமார் என் பூப்போட்ட கவுனைக் கட்டிலில் எடுத்து வைத்திருந்தார். அதன்மேல் சாவி கிடந்தது. அவ்வளவுதான்.

சான் லினோ சதுக்கத்தில் கொடியும் கூட்டமும் தள்ளுமுள்ளும். எங்களுக்கு முன்னால் ஒரு பழைய பேருந்து, பின்னால் வெள்ளிச் சேணம் போட்ட குதிரைகள். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேடையை நெருங்கும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் படித்தார்: "அடுத்து வருவது அதெமாரின் பிக்கப்! பழுது நீக்கி உயிர் கொடுத்தவர், நமது பசிலியோ!" போன மாசம் இவரே எழுதிக் கொடுத்தது.

"நிறுத்து" என்றார்.

"ஊர்வலத்துல எப்படிய்யா நிறுத்தறது?"

"நிறுத்துடிங்கறேன்!"

நிறுத்தினேன். பின்னால் குதிரைகள் முட்டிக்கொண்டு கனைத்தன, குதிரைக்காரர்கள் என் வம்சத்தையே திட்டினார்கள். இவர் நொண்டிக்கொண்டே மேடை ஏறி, அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"தப்பு" என்றார். அவர் குரல் சதுக்கம் முழுக்க இடித்தது. "இந்த வண்டி ஒருநாளும் நின்னதில்லைன்னு உங்க எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிருக்கேன். பொய். எத்தனையோ நாள் நின்னிருக்கு. நின்னப்பல்லாம் இவதான் ஒத்தை ஆளா எழுப்பிக் கொண்டாந்திருக்கா. எனக்குத் தெரியாம, என் வாய்க்குப் பயந்துக்கிட்டு. அதோ உக்காந்திருக்கா பாருங்க, நேலி. என் பொண்டாட்டி. அந்தப் பேரைப் படிங்க."

கூட்டம் ஆர்ப்பரித்தது. தொரிலா ரெண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். எனக்குக் கண் மறைத்தது, ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷம் என்னைவிட உயரமான ஆள் அந்த ஊரிலேயே இல்லை.

அவர் திரும்பி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி, கதவைச் சாத்தினார். முன்னால் மேடையிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் செங்குத்தான இறக்கம். அவர் கதவுப் பிடியை ரெண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"நேலி, இன்னும் எங்கெல்லாம் வெச்சிருக்க உன் கைய?"

"பிரேக்குலயும்" என்றேன்.

அவர் கதவுப் பிடியை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப சரி" என்றார். "ஓட்டு."