வெள்ளிக்கிழமைக்கு ஒரு பெயர்

1

என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். அதை எழுத முடியாமல் போன இடத்தில் இந்தக் கதை முளைத்தது. மஷ்ஹதிலிருந்து வரும் ஒரு காலாண்டிதழின் ஆசிரியர், "நிஷாப்பூரிலேயே இத்தனை வருஷமாக் கிடக்கிறீங்களே, உங்க ஊரை ஆண்ட மூணு பேரரசையும் ஒப்பிட்டு எழுதுங்களேன்" என்றார். புகாராவிலிருந்து ஆண்ட சாமானியர்*, அவர்களுக்குப் பின் வந்த கஜினிக்காரர்கள், கஜினியைத் துரத்திய செல்ஜுக் துருக்கியர். வரி, படை, கல்வி, நீர்ப்பாசனம் என்று உள்தலைப்புகளையும் அவரே கொடுத்துவிட்டார்.

(* சாமான் என்பவரின் வழிவந்த அரசர்கள். தமிழில் எழுதும்போது குடிமக்களே ஆண்டதுபோல ஒலிக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை.)

முதல் வரி இப்படித் தொடங்கியது: "சாமானியர் காலத்து வரி இலேசானது, ஆனால் கஜினி ஆட்சியில்..." அங்கேயே நின்றுவிட்டேன். இலேசு என்றால் யாருக்கு?

நமக்குத் தெரிந்த கஜினி முகமதின் மகன் காலத்தில், இரண்டு வருடத்துக்குள் இந்த ஊர் மூன்று முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் வாழ்த்தப்படும் அரசரின் பெயரும் மாறியது. அப்படி மாற்றிச் சொன்ன வாய் யாருடையது என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஆகவே ஓர் ஆளை உண்டாக்கினேன். ஹம்தூன், அவர் மனைவி மாஹக், அவள் தம்பி பாபக். மூவரும் என் கற்பனை. பசி மட்டும் கற்பனை இல்லை.

2

"ஹம்தூன் ஒரு கோழை." அடித்துவிட்டேன்.

"ஹம்தூன் ஒரு நல்ல மனிதர், ஆனாலும்" (இதையும்.)

ஹம்தூனுக்கு நல்ல குரல். பெரிய மசூதியின் கடைசித் தூண் வரை கத்தாமலே போய்ச் சேரும் குரல். அவருடைய அப்பாவும் இதே மேடையில் பிரசங்கம் செய்தவர்தான். இப்படித் தொடங்கினால் என்னால் மேலே எழுத முடிகிறது.

கஜினியின் ஆளுநர் ஓடிப்போய், ஆட்டு மந்தைகளோடு அலைந்த செல்ஜுக்குகள் ஊர்வாசலில் வந்து நின்றபோது, ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி வாசலைத் திறந்துவிட்டார்கள். ஹம்தூனிடம் புதிய பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைச் சொல்ல வேண்டிய வெள்ளிக்கு முந்தின நாள் மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாபக் கஜினிப் படையோடு இந்துஸ்தானம் வரை போய், ஒரு கால் ஊனமாகித் திரும்பியவன். கஜினியை யாராவது குறை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது.

"மச்சான், உங்க அப்பா புகாராக்காரர் பேரைச் சொன்னாரு. நீங்க கஜினி சுல்தான் பேரைச் சொன்னீங்க. நாளைக்கு ஆடு மேய்க்கிறவன் பேரா? குரல் அதேதான். பேருதான் தேஞ்சுக்கிட்டே போகுது."

"பேரு என் கையிலயா இருக்கு?" என்றார் ஹம்தூன்.

"வாய் உங்களுதுதானே?"

மாஹக் ரொட்டியைப் பிட்டு இருவருக்கும் போட்டாள். "புகாராக்காரன் கம்பளியைக் கத்தரிச்சான். கஜினிக்காரன் தோலையும் சேர்த்து உரிச்சான். இவன் ஆட்டையே ஓட்டிக்கிட்டுப் போவான். ஆடு நாமதான். அப்புறம் எதுக்கு நீங்க ரெண்டு பேரும் முட்டிக்கிறீங்க?"

(ஆசிரியர் கேட்ட ஒப்பீடு இதன் முதல் நான்கு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. அனுப்பினால் போடமாட்டார்.)

மறுநாள் மேடையில் புதிய பெயரைச் சொன்னதும், மசூதியின் நடுவிலிருந்து பாபக் எழுந்தான்.

"எங்க சுல்தான் கஜினியில இருக்காரு! இந்தப் பேரு எங்களுக்கு வேண்டாம்!"

கூட்டம் கலைந்து கத்தியது. வாசலில் நின்ற செல்ஜுக் வீரர்கள் வில்லில் கை வைத்தார்கள். ஹம்தூன் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து பாபக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "என் மச்சினன். போர்ல அடிபட்டதுல புத்தி கொஞ்சம் பிசகிடுச்சு. விட்டுடுங்க." விட்டுவிட்டார்கள். வீடு வரைக்கும் பாபக் நொண்டியபடி அவருக்கு முன்னால் நடந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னான்: "பைத்தியக்காரன்னு ஒரு பட்டமும் குடுத்துட்டீங்க. நல்லாருங்க மச்சான்."

3

அடுத்த குளிர்காலத்தில் கஜினிப் படை திரும்பி வந்தது. அதற்குள் வயல்கள் தரிசாகிக் கிடந்தன. வந்த குதிரைகளுக்கே தீவனம் இல்லை.

வாசலைத் திறந்த பெரியவர்களில் பலர் ஓடிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஹம்தூனைக் காப்பாற்ற ஒரு பொய்யை ஏற்பாடு செய்தார்கள்: அந்தப் பெயரைச் சொன்னது எதிரியோடு வந்த ஒரு மதகுரு, ஹம்தூன் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். இவரை விட்டால் ஊருக்கு வேறு பிரசங்கி இல்லை. ஊரே அந்தப் பொய்யைக் கட்டிக்காத்தது. பாபக்கும்தான். "எங்க ஆளுங்க வந்துட்டாங்க மச்சான், இனி பயப்படாதீங்க" என்று அவரைத் தேற்றினான்.

அந்த 'எங்க ஆளுங்க' வீட்டுக் கூரையின் உத்திரங்களைப் பிடுங்கி விறகாக்கினார்கள். தானியம் தேடித் தரையைத் தோண்டினார்கள். இந்த ஊரில் ஒருவகை வெள்ளை மண்ணை ஆசைக்குக் கொஞ்சம் கடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அந்தக் குளிர்காலத்தில் அதை வயிறு நிறையத் தின்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிவு உங்களுக்கே தெரியும்.)

நிலத்தடி வாய்க்காலுக்குக் காற்று போக வெட்டிய கிணற்றில் மாஹக் ஒரு மூட்டை பார்லியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வீரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். பாபக் நொண்டிக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடினான். தானிய அதிகாரியிடம் தலை நிமிர்ந்து பேசினான்.

"ஐயா, நான் உங்க படையில இருந்தவன். எதிரி பேரைச் சொன்ன அன்னிக்கு, ஊரே வாய மூடிக்கிட்டு இருந்தப்ப நான் ஒருத்தன்தான் எந்திரிச்சுக் கத்தினேன். அந்த மூட்டையை விட்டுடுங்க."

"சாட்சி?"

"பிரசங்கம் பண்ற கத்தீபையே கேளுங்க."

ஹம்தூனைக் கூட்டிவந்தார்கள். இந்த இடத்தைப் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். பாபக் அவரை மாட்டிவிடப் பார்த்தானா? இல்லை. பசியிலும் பெருமையிலும், அந்தப் பொய்யை அவன் மறந்தேபோய்விட்டான். ஆமாம் என்று ஹம்தூன் சொன்னால், அன்று அவர் மசூதியில் இருந்தார் என்றாகும். அப்படியானால் அந்தப் பெயரைச் சொன்னது யார்?

"இவன் கத்தினதை நீங்க பாத்தீங்களா?" என்றார் அதிகாரி.

பாபக் சிரித்த முகத்தோடு திரும்பினான். அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியாதுங்க. அன்னிக்குக் காய்ச்சல். நான் மசூதிக்கே போகல."

"டேய், பொய்யா சொல்ற? சுல்தான் பேரைச் சொல்லிப் பதுக்கலா?" என்று அதிகாரி பாபக் மேல் பாய்ந்தார்.

பாபக் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடி ஹம்தூன் பக்கம் திரும்பியிருக்கும். அவன் சொல்லவில்லை. சந்தைத் தூணில் கட்டி, போட்டிருந்த கம்பளி அங்கியோடு சேர்த்தே பிரம்பால் அடித்தார்கள்.

வீட்டுக்குத் தூக்கிவந்த பிறகு மாஹக்கிடம் சொன்னான்: "அக்கா, மச்சான் மேல தப்பு இல்ல. நான்தான் யோசிக்காம அவரைக் கேக்கச் சொல்லிட்டேன்." என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான். வெள்ளிக்கிழமைக்கு முன்பே பாபக் செத்துப்போனான்.

4

வெள்ளிக்கிழமை காலை. ஹம்தூன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் போறீங்களா?" என்றாள் மாஹக்.

"போகலன்னா ஏன்னு கேப்பாங்க."

"சுல்தான் ஆயுசு நீளட்டும்னு சொல்வீங்க."

அவர் தலைப்பாகையின் முனையைச் செருகினார்.

"சொல்லுங்க. நல்லா சத்தமா சொல்லுங்க."

இங்கே எனக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று: மேடையில் சுல்தான் பெயருக்குப் பதிலாகப் பாபக்கின் பெயரைச் சொல்கிறார், மசூதி உறைந்துபோகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே அதை நான் நம்பவில்லை. இரண்டு: அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லித் தூக்கில் தொங்குகிறார். செத்தவனுக்கு அதனால் என்ன?

மூன்றாவதையே எழுதினேன். சுல்தானின் பெயரைச் சொன்னார். அவர் ஆயுள் நீளட்டும் என்று இறைஞ்சினார். குரல் கடைசித் தூண் வரை போனது. அங்கே பசியில் தூணோடு சாய்ந்திருந்தவர்கள் ஆமீன் என்றார்கள். வசந்தத்தில் கஜினிப் படை தோற்றோடியது. செல்ஜுக்குகள் மறுபடி வந்தார்கள். அந்தப் பெயரையும் அவரேதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் கதை அவ்வளவு தூரம் போகவில்லை.

5

தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தார். உத்திரம் இல்லாத கூரை வழியே உள்ளே பனி விழுந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்பே மாஹக் திறந்தாள். அவள் கையில் பாபக்கின் கம்பளி அங்கி. ரத்தத்தைக் கழுவியிருந்தாள். முதுகில் பிரம்பு கிழித்த இடங்களைக் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தாள்.

"போட்டுக்கோங்க. குளிருது."

அவள் முகத்தைப் பார்த்தேன், எனக்கு எதுவும் புரியவில்லை. மன்னித்துவிட்டாளா, இல்லை சாகும் வரை இதைச் சுமந்து திரி என்கிறாளா? தையலைப் பார்த்தால் அக்கறையாகத்தான் தெரிகிறது. ஆனால் தண்டனையையும் அக்கறையாகத் தைக்க முடியும்.

ஹம்தூனின் கை பாதியில் நிற்கிறது. இதற்கு மேல் அதை நகர்த்த எனக்கு உரிமை இல்லை. அவரை மேடைக்கு அனுப்பியது நான், தெரியாது என்று சொல்ல வைத்ததும் நான். நீங்கள்தான் மீதம். அங்கியை அவர் வாங்கிக்கொள்ளட்டுமா, வேண்டாமா? அவள் கை வலிக்கத் தொடங்கிவிட்டது.