வலியைச் சொல்லாதவள்

கமலம்மாவுக்கு முழங்கால் வலி வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவளும் கணவர் கோவர்த்தனனும் மட்டும்தான். ஒரே மகள் பிரமிளா திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து கேட்பாள். கோவர்த்தனன்தான் பேசுவார். "உங்கம்மாவுக்கு இப்போ தேவலை. ரெண்டு வருசமா வலின்னு ஒரு பேச்சே இல்ல."

அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

தை மாதத்தில் ஒருநாள் காலை, கழனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவருக்குக் குளியலறையில் பக்கெட் உருண்ட சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே கமலம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் ஏதோ வேறொருத்தியுடையதுபோல வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். அவருக்கு எழுபத்துநான்கு வயது. இடுப்பு பிடித்துக்கொள்ள, அவரும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க தூக்காதீங்க. ஜெயம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள். அப்போதும் அவள் கத்தவில்லை.

பக்கத்து வீட்டு ஜெயம்மா ஓடிவந்தாள். "புத்தூருக்குப் போயி எலும்புக்குக் கட்டு கட்டிக்கினு வந்துடலாமா?" என்றாள். போனில் பிரமிளா ஒத்துக்கொள்ளவில்லை. ஆம்புலன்சில் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. டாக்டர் தெலுங்கில் கேட்டார், இதற்கு முன் எப்போதாவது விழுந்திருக்கிறாளா என்று. "லேது சார், இதே மொதட்டி சாரி" என்றார் கோவர்த்தனன், இதுதான் முதல் தடவை என்று.

கமலம்மா கூரையைப் பார்த்தபடி, "அஞ்சு தடவை" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?" என்றாள் பிரமிளா.

"மாட்டுக் கொட்டாயில ரெண்டு தடவை. பின்வாசப் படியில ஒருவாட்டி. ரேஷன் வாங்கிக்கினு வரும்போது ஒருவாட்டி, எவனோ சைக்கிள்ல போனவன் தூக்கி உட்டான். போன ஆடியில கை பிசகிடுச்சின்னு புத்தூர்ல கட்டு போட்டேனே, அதுவும் உழுந்ததுதான்."

கோவர்த்தனன் அந்தக் கட்டைப் பார்த்திருக்கிறார். குடம் தூக்கும்போது பிசகியது என்று சொல்லியிருந்தாள்.

டாக்டர் போன பிறகு அவர் கட்டிலின் அருகே வந்தார். "ஏன் கமலா என்கிட்ட சொல்லல?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. "ஒருநாள் துன்னுக்கினு இருந்தீங்க. கால் எரியுதுன்னேன். எப்பப் பாத்தாலும் வலி வலின்னு, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப் போச்சின்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனீங்க. சரி, இனிமே எதுக்குன்னு உட்டுட்டேன்."

அவருக்கு அப்படியொரு நாள் நினைவுக்கே வரவில்லை. அன்று என்ன குழம்பு, கழனியில் என்ன தகராறு, எதுவும் தெரியவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. பிரமிளா தன் வீட்டுக்கே அழைத்துப்போனாள். நடக்கப் பழக்குவதற்கு மோகனப்ரியா என்ற பெண் தினமும் வந்தாள். கமலம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்பாள். ஓரடி வைப்பதற்குள் உடம்பெல்லாம் நடுங்கும். "உழுந்துடுவேன்மா, உழுந்துடுவேன்" என்று உட்கார்ந்துவிடுவாள். நாளாக ஆக எழுவதையே நிறுத்தினாள். புரட்டிப் படுக்கவைக்கும்போது முந்தானையை வாயில் கடித்துக்கொள்வாள்.

"கத்து கமலா. வாய்விட்டுக் கத்து. நான் கேக்கறேன்" என்று கோவர்த்தனன் கெஞ்சினார்.

"பழக்கம் போயிடுச்சிங்க" என்றாள்.

பங்குனி முடிவில் நெஞ்சில் சளி கட்டியது. சித்திரை பிறந்து நான்காம் நாள், மகள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சுடுகாட்டுப் பாதையில் கோவர்த்தனனால் நடக்க முடியவில்லை. தங்கை மகன் குணா ஒரு பக்கமும் ஜெயம்மாவின் மாப்பிள்ளை மறுபக்கமுமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா மாமா, எங்க வலிக்குது?" என்றான் குணா.

கோவர்த்தனன் இரண்டு பேர்மீதும் முழுப் பாரத்தையும் சாய்த்து, பாடைக்குப் பின்னால் நடந்தார்.