தரை விடுப்பில் இருந்த நாள்

பூங்கோதை வயலினோடு போய் நின்ற அன்று இசைப்பள்ளியில் தரை இல்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. ஊழியர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலிக்கு நாற்காலி தாவி வேலையைப் பார்த்தார்கள்.

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. அதையும் யாரோ சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார்கள்.

சேர்க்கைத் தேர்வு அன்றைக்கு. ஒரு வர்ணத்தை முதலில் நிதானமாக, அப்புறம் இரட்டை வேகத்தில் என்று இரண்டு காலத்திலும் வாசிக்க வேண்டும். நாலு மணிக்கு அவளுக்கு இருபத்தாறு வயதாகிவிடும். அதற்கப்புறம் எந்தக் கொம்பனாலும் அவளைச் சேர்க்க முடியாது.

ஏழு வருஷமாக ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறாள். நாளெல்லாம் நின்றபடிதான். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கதிர்வேலுக்கு மூக்கில் வேர்த்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிச் சாதகம் செய்யும் அரை மணி நேரம்தான் அவள் உட்காரும் நேரம்.

"சார், எங்க உட்காந்து வாசிக்கிறது?"

"நின்னு வாசிம்மா" என்றார் நாற்காலி மேல் நின்ற குமாஸ்தா.

"நின்னா எனக்குச் சேலை மடிக்கத்தான் வரும் சார். தரை எப்ப வரும்?"

"அதோட அக்கா மகளுக்கு வளைகாப்பு. சொல்ல முடியாது. இதை நிரப்பிக் குடு."

இல்லாத தரையில் உட்கார விண்ணப்பம். கணுக்காலின் சொந்த ஊர், வயலினின் தாய்மாமன் பெயர் என்று கேட்டுக்கொண்டே போனது. அவள் கை அந்தக் காகிதத்தைத் தானாக அளந்தது. ஐந்தரை மீட்டர், ஒரு சேலை நீளம். ஓரத்தில் கரை வேறு.

மணி மூன்று ஐம்பது. பூங்கோதைக்கு அழுகை முட்டியது. ஆனால் கை அழவில்லை. விண்ணப்பத்தை ஒரே உதறாக உதறி விரித்தது. ஏழு வருஷத்துக் கை. காகிதம் சுருக்கமில்லாமல் அந்தரத்தில் விழுந்து கிடந்தது.

அவள் உட்கார்ந்தாள்.

"இன்னும் கையெழுத்தே போடலியே!"

"உட்காந்துட்டேன் சார்."

முதல் காலத்தில் நாற்காலிகள் கிறீச்சிடுவதை நிறுத்தின. இரண்டாம் காலத்தில் தரை ஓடி வந்தது. கன்னத்தில் சந்தனம் காயவில்லை. அவளுக்கு அடியில் மெல்ல நுழைந்துகொண்டது.

"முதல் காலம் போயிடுச்சா?" என்றது மூச்சு வாங்க.

"போயிடுச்சு" என்றார் நாற்காலி மேல் நின்றே கேட்டுக்கொண்டிருந்த தேர்வாளர் அம்மா. பதிவேட்டில் பூங்கோதையின் பெயரை எழுதி முடித்தார். அப்புறம்தான் நாலு அடித்தது. ஊழியர்கள் ஒவ்வொருவராக இறங்கி உட்கார்ந்தார்கள். பூங்கோதைக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடையிலிருந்து அவளைத் தேடிக்கொண்டு வாசலில் கதிர்வேல் வந்து நின்றார்.

"சாப்பாட்டு நேரம் எப்பவோ முடிஞ்சிருச்சு. எந்திரி."

"நிக்கிறதுக்கு எடம் இல்ல சார்" என்றது தரை. "உட்காருங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சம்மணம் போடத் தெரியாமல் இரண்டு தரம் சாய்ந்து, மூன்றாம் தரம் உட்கார்ந்தார்.

"தரைக்காக இன்னொரு தரம் வாசிக்கிறேன்" என்று பூங்கோதை முதல் காலத்திலிருந்து தொடங்கினாள்.